ரெஸ்கியூ கோர்ஸ் செய்யலாமா, வேண்டாமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளிக் கடற்கரையில் வளர்ந்தவன் நான். கிழமை நாட்களில் கணக்கு எழுதும் வேலை, சீசன் வந்தால் சனி ஞாயிறு கடலுக்குள். மூன்று வருடத்துக்கு முன்னர் ரெஸ்கியூ டைவர் கோர்ஸ் முடித்தேன். அன்று தொடக்கம் தேநீர்க் கடையிலும் படகிலும் வட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி வாய் ஓய்ந்துபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நான் பயிற்றுநர் இல்லை, கோர்ஸ் செய்த ஒரு சுழியோடி, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரையும் காப்பாற்றக் கடலில் குதிக்க வேண்டாம். கோர்ஸ் செய்வதா இல்லையா என்று முடிவெடுக்க மட்டும் இது உதவும்.

ரெஸ்கியூ கோர்ஸ் எண்டா என்னண்ணா? நேவிக்காரர் சுழியோடி ஆக்களைத் தேடி எடுக்கிற மாதிரியா?

இல்லை. பேப்பரில் "கடற்படைச் சுழியோடிகள் தேடுதல்" என்று வருவது வேறு வேலை. அது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு நடக்கிறது. இந்தக் கோர்ஸ், பொழுதுபோக்காக சிலிண்டர் கட்டி இறங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கானது. கூட வந்தவர் களைத்துப்போனால், பதறினால், மயங்கினால், காணாமல் போனால் என்ன செய்வது என்று சொல்லித் தருகிறார்கள். அதற்கு முன்னால், தனக்கே ஒன்று நடந்தால் எப்படி மீள்வது என்பதிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. காலில் தசை பிடிப்பு, காற்று முடிவது, மிதப்பதற்குக் காற்று ஊதும் ஜாக்கெட் ஊத மறுப்பது எல்லாம் அதில் வரும்.

சாதாரணமாக மூன்று, நான்கு நாள் எடுக்கும். சுழியோடப் பயிற்சியும் கார்டும் கொடுக்கும் பாடி (PADI) நிறுவனத்தில் இதற்கு 'ரெஸ்கியூ டைவர்' என்று பெயர் (பாட்டுப் பாடுவதற்கும் இந்தப் பாடிக்கும் தொடர்பில்லை, அம்மா கேட்டார்). அதே வேலை செய்யும் எஸ்.எஸ்.ஐ (SSI) நிறுவனத்தில் 'டைவர் ஸ்ட்ரெஸ் அண்ட் ரெஸ்கியூ'. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் செய்தது பாடி. அதனால் கீழே விதிகள் என்று சொல்பவை அவர்களுடையவை.

என்னட்ட ஓப்பன் வோட்டர் கார்ட்தான் இருக்கு. நேரா ரெஸ்கியூ செய்ய ஏலாதா?

ஏலாது. ஓப்பன் வோட்டர் என்பது சுழியோடுவதற்கான முதல் கார்ட். நடுவில் அடுத்த படியான அட்வான்ஸ்ட் ஓப்பன் வோட்டர், அல்லது குறைந்தது அட்வென்சர் டைவர், செய்திருக்க வேண்டும். அதில் நீரடியில் திசைகாட்டி பார்த்து வழி கண்டுபிடிக்கும் டைவும் முடித்திருக்க வேண்டும். காணாமல் போனவரைத் தேடப் போகிறவர் தானே வழி தவறினால் தேட வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்களே. இதைவிட, முதலுதவி, சி.பி.ஆர் (மார்பை அழுத்தி, மூச்சுக் கொடுப்பது) பயிற்சி கடந்த 24 மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு அநேகமாக முதல் நாளே அதையும் சேர்த்து நடத்திவிடுவார்கள்.

வயது 12 ஆனால் ஜூனியர் ரெஸ்கியூ, 15 ஆனால் முழுக் கார்ட்.

எத்தனை டைவ் அடிச்சிருக்கோணும்?

விதியில் பெரிய எண்ணிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணிக்கையைவிட இரண்டு விசயத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஐந்து மீற்றர் ஆழத்தில், மணலில் முழங்கால் ஊன்றாமல், மிதந்தபடியே மாஸ்கைக் கழற்றிப் போட்டுத் தண்ணீரை வெளியேற்ற முடிகிறதா? ஒரு டைவ் முழுக்க உங்கள் காற்று மீற்றரை மட்டும் பார்க்காமல், கூட வருகிறவரின் முகத்தையும் பார்க்கிறீர்களா?

இரண்டுக்கும் ஆம் என்றால் செய்யலாம். எனக்கு அது 30ஆவது டைவ் அளவில்தான் வந்தது. சிலருக்கு 20இல் வரும். பத்து டைவோடு வந்து என்னோடு கோர்ஸ் செய்த ஒருவர் மூன்று நாளும் தன்னைச் சமாளிப்பதிலேயே கழித்தார். கார்ட் கிடைத்தது, கற்றுக்கொண்டது குறைவு. அவரே சொன்னதுதான் இது.

நான் கடற்கரைப் பிள்ளை. ஏழு வயசில இருந்து நீந்துறன். எனக்கும் இது தேவையோ?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதுவும் நீச்சலில் என்னைவிடக் கெட்டிக்காரர்களிடமிருந்து. உங்களுக்குத்தான் கூடத் தேவை என்பதே என் பதில். நீந்தத் தெரிந்தவன் யோசிக்காமல் பாய்வான். மூழ்குகிறவனுக்கு அந்த நேரத்தில் நீங்கள் மச்சானும் இல்லை, அண்ணனும் இல்லை, தண்ணீருக்கு மேலே ஏறுவதற்குக் கிடைத்த ஒரு கட்டை. தோளில் கால் வைத்து ஏறப் பார்ப்பான். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரும் போன கதை இந்தக் கரையில் எந்த ஊரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்.

கோர்ஸில் முதலில் சொல்லித் தருவது பாயாமல் இருப்பதற்கு. கையோ தடியோ எட்டுமானால் நீட்டு. எட்டாவிட்டால் எறி: கயிறு, மிதவை, மூடி இறுக்கிய வெற்றுக் கேன், எது கையில் கிடைக்கிறதோ அது. அதுவும் எட்டாவிட்டால் படகில் போ. நீந்திப் போவது கடைசி, அதுவும் மிதக்கிற ஒன்றைக் கையில் கொண்டுதான். போனாலும் எட்டத்தில் நின்று முதலில் பேசிப் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டானா, மேலே இழுபடாமல் கீழே போங்கள். பதறியவன் தண்ணீருக்குள் பின்னால் வரமாட்டான், பிடியை விட்டுவிடுவான். நீச்சலடித்து வளர்ந்த எனக்கு இந்த ஒன்று மட்டும் முப்பது வயதுவரை தெரியாது.

நீங்கள் ஏன் செய்தீங்கள்? ஏதும் நடந்ததோ?

நடந்தது. ஆவணி மாதம், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவின் பின்பக்கம், ஒன்பது மீற்றர் ஆழம். பெரிய ஆழமே இல்லை. கூட வந்த நண்பனின் மாஸ்கில் தண்ணீர் புகுந்தது. அவன் அதை வெளியேற்றப் பார்த்தான், சரிவரவில்லை, மூக்கால் தண்ணீரை இழுத்துவிட்டான். அடுத்த கணம் மேல்நோக்கிப் பறந்தான். நான் அப்படியே கீழே நின்று அவனுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் அவன் இருந்தான். என்ன செய்ய வேண்டும் என்று ஓப்பன் வோட்டரில் படித்தது எல்லாம் இருந்தது, கை மட்டும் அசையவில்லை.

மேலே வந்து பார்த்தபோது, மாஸ்க் நெற்றியில், வாயில் காற்றுத் தரும் ரெகுலேட்டர் இல்லை, கண் இரண்டும் பிதுங்க, ஏணியில் ஏறுகிறவன் மாதிரி தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான். படகோட்டி ஐயா, அறுபது வயதைத் தாண்டியவர், எந்தக் கோர்ஸும் செய்யாதவர், கயிறு கட்டிய எண்ணெய்க் கேனை அவனுக்கு முன்னால் எறிந்துவிட்டு "பிடி, பிடி, பிடி" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்தான். மேலே ஏறும்போது மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கலாம். கத்திக்கொண்டே ஏறியதால் காற்று வெளியேறிவிட்டது, தப்பினான்.

அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த கிழமை கோர்ஸுக்குப் பெயர் கொடுத்தேன்.

நான் 48 கிலோ. ஒரு 100 கிலோ வெள்ளைக்காரர் மயங்கினா என்னால இழுக்க ஏலுமோ?

தண்ணீரில் ஏலும். அவர் மிதந்தால் போதும், எடை உங்கள் கையில் வராது. அவர் அமிழ்வதற்குக் கட்டியிருக்கும் ஈயப் பட்டியைக் கழற்றி விடுவது, ஜாக்கெட்டை ஊதுவது, இவை இரண்டும் முதல் வேலை. இழுப்பது தோள் பலத்தால் இல்லை, கால் அடிப்பால். எங்கள் கோர்ஸில் எல்லோரையும்விடச் சிறிய உருவம் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. எல்லோரையும்விட ஒழுங்காக இழுத்ததும் அவர்தான். நாங்கள் பலத்தைக் காட்டி இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கினோம், அவர் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தார்.

கஷ்டம் தொடங்குவது படகுக்கு அருகில். நம்முடைய ஃபைபர் படகுகளின் விளிம்பு உயரம். சுயநினைவில்லாத ஒருவரைத் தனியாக யாராலும் அதில் தூக்கிப் போட முடியாது, 48 கிலோவாலும் முடியாது, 80 கிலோவாலும் முடியாது. அவருடைய உபகரணங்களை எல்லாம் தண்ணீரிலேயே கழற்றி, இரண்டு கயிற்றை அல்லது ஒரு வலைத்துண்டை உடம்புக்குக் கீழே கொடுத்து, படகிலிருந்து உருட்டி எடுக்கும் முறை ஒன்று உண்டு. பாயைச் சுருட்டுவது மாதிரி. உங்கள் படகில் அதைச் செய்து பார்க்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டரை வற்புறுத்துங்கள். கரையில் நின்று படம் காட்டினால் போதாது.

கோர்ஸில என்னதான் செய்விப்பினம்? அடிப்பினமாமே?

அடிக்கமாட்டார்கள், ஆனால் பிடித்து இழுப்பார்கள். முதலில் ஒவ்வொரு திறனாகப் பழக்குவார்கள், மொத்தம் பத்துப் பயிற்சி. பிறகு அவற்றைச் சேர்த்து, சொல்லாமல் கொள்ளாமல் 'விபத்து' நடத்துவார்கள். நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கடலில் யாரோ கத்துவார்கள். கடைசியில் எழுத்துப் பரீட்சை, 75 வீதம் எடுக்க வேண்டும். அது ஒரு பிரச்சினையே இல்லை.

பதறியவரை அணுகுவதுதான் எல்லோருக்கும் மறக்காது. இன்ஸ்ட்ரக்டர் பதறியவராக நடிப்பார், அகப்பட்டால் மாஸ்கைப் பிடுங்குவார், தலையைக் கீழே அமுக்குவார். சுற்றி வந்து பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து, முழங்கால்களால் அதை இறுக்கிக்கொண்டு அவருடைய ஜாக்கெட்டை ஊத வேண்டும். நான் நான்கு தடவை தோற்றேன். நான்கு தடவையும் ஒரே பிழை, அவசரத்தில் முன்பக்கமாகப் போனது. ஐந்தாவது தடவை போகும் முன் நின்று மூன்று மூச்சு எடுத்தேன், சரிவந்தது. "நில், மூச்செடு, யோசி, பிறகு செய்" என்பது கோர்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. படிக்கும்போது சாதாரணமாக இருந்தது.

மயங்கியவரை மேலே கொண்டுவருவது இன்னொன்று. ரெகுலேட்டர் வாயில் இருந்தால் அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே வந்ததும் மிதக்க வைத்து, மூச்சுப் பாதையைத் திறந்து, மூச்சு இருக்கிறதா என்று பத்து விநாடி பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூச்சுக் கொடுத்து, அதன் பிறகு ஐந்து விநாடிக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே கரைக்கு இழுக்க வேண்டும். நடுவில் அவருடைய உபகரணங்களையும் உங்களுடையவற்றையும் கழற்ற வேண்டும், மூச்சுக் கொடுப்பது தவறக்கூடாது. முதல் தடவை என் எண்ணிக்கை மூன்று, நான்கு, பன்னிரண்டு என்று போனது. பிறகு கையும் வாயும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும்.

தண்ணி குடிச்ச ஆளைக் குப்புறப் போட்டு வயித்தை அமுக்கோணும் எண்டுதானே பெரியாக்கள் சொல்றவை?

சொல்கிறார்கள், பிழை. வயிற்றை அமுக்கினால் சாப்பிட்டது மேலே வந்து மூச்சுக் குழாய்க்குள் போகும். தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டு ஓடுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும். மூழ்கியவருக்கு இல்லாதது காற்று. அதனால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு. பிறகு மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்துவது. 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஒருவர் இதைச் செய்ய இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்டும் இல்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணித்தியாலத்துக்குப் பிறகும் வேலையைக் காட்டும். சுழியோட எண்ணமே இல்லாதவர்களும் இந்த ஒரு பகுதியையாவது படித்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலுதவிக் கோர்ஸைத் தனியாகவும் செய்யலாம்.

எப்ப செய்யிறது நல்லம்? வாடைக்குக் கடல் அடிக்கேக்க செய்தா நல்ல பயிற்சி எண்டு ஒரு அண்ணா சொன்னார்.

அந்த அண்ணா செய்து பார்க்கட்டும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் இந்தப் பக்கம் கடல் கலங்கிவிடும். முன்னால் நீட்டிய கை தெரியாத தண்ணீரில் பயிற்சி என்ற பேச்சே இல்லை. நமக்குச் சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. கச்சான் (தென்மேற்கு) காற்று தரைப் பக்கமிருந்து வருகிற காலத்தில் காலையில் கடல் தட்டுப்போலக் கிடக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சம் கிளம்பும். அந்தக் கொஞ்சம் நல்லது. மூன்று நாளில் ஒரு பின்னேரமாவது சிறு அலையில் இழுத்துப் பழகினால்தான் குளத்தில் பழகியதற்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்.

இடத்தைப் பொறுத்தவரை மணல் தரையாக இருக்க வேண்டும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கற்களின் மேல் பத்துப் பேர் உருண்டு புரண்டு ரெஸ்கியூ பழகுவது அழகில்லை. உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் தாராளமாகப் போதும்.

கோணேசர் மலைக்குக் கீழ இறங்கத்தான் ஆசை. அதுக்கு ரெஸ்கியூ வேணுமோ?

கட்டாயமில்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் 1956இல் அங்கே இறங்கிப் பார்த்தார்கள். நம் ஊர்ச் சுழியோடி ஒருவருக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் பாறை செங்குத்து, நீரோட்டம் சொல்லிக்கொண்டு வராது, அலை பாறையில் மோதித் திரும்பும். அட்வான்ஸ்ட் முடித்து, இடம் தெரிந்த ஒருவரோடு போங்கள். ரெஸ்கியூவுக்குப் பிறகு நான் அங்கே போனபோது கவனித்தது தூணை மட்டும் இல்லை, எந்தப் பக்கத்தால் வெளியேறுவது, படகு எங்கே நிற்கிறது என்பதையும்தான்.

ரெண்டு நாளில, அரைவாசிக் காசுக்கு முடிச்சுத் தரலாம் எண்டு ஒருத்தர் சொல்றார். போகலாமோ?

காசைப் பற்றி நான் பேசவில்லை, அவரவர் பை அவரவருக்கு. முதலுதவி உட்படவா, புத்தகமும் கார்டும் உட்படவா, படகுச் செலவு தனியா என்று மட்டும் கேட்டு வையுங்கள். பல இடங்களில் விலையை டொலரில் சொல்வார்கள், ரூபாயில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

நான் கேட்கச் சொல்வது வேறொன்று. "உங்கள் ஒக்சிஜன் பெட்டியை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ." திறந்து, சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று மீற்றரைக் காட்டி, முகமூடி கிழியாமல் இருப்பதைக் காட்டினால் அந்த இடத்தில் படியுங்கள். "சாவி ஒராளிட்ட இருக்கு" என்றால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். என் அனுபவத்தில் ஓர் இடத்தில் பெட்டி திறந்தது, உள்ளே சிலிண்டர் வெறுமை. அங்கே கோர்ஸ் நடந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம், எத்தனை பேர் சேர்ந்து படிக்கிறீர்கள் என்று பாருங்கள். தனியாக ஒருவர் செய்தால் காணாமல் போனவரைத் தேடும் பயிற்சி சப்பென்று இருக்கும். நான்கு பேர் என்றால் ஒருவர் வழிநடத்த, ஒருவர் மேலே நிற்க, இரண்டு பேர் தேட என்று ஒரு நாடகம் மாதிரி நடக்கும். வெள்ளைக்காரப் பயணிகளோடு சேர்ந்து படிப்பதானால் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். விளங்காததைத் தமிழில் திருப்பிச் சொல்லக்கூடிய ஒருவர் கரையில் இருந்தால் போதும். தண்ணீருக்குள் எல்லோரும் ஊமைதான்.

எனக்கு சின்ன வயசில வீஸிங் இருந்தது. ஃபோமில இல்லை எண்டு போட்டா யாருக்குத் தெரியும்?

கடலுக்குத் தெரியும். மருத்துவப் படிவத்தில் 'ஆம்' போட்டால் கதவு மூடிவிடாது, டொக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். மற்றக் கோர்ஸ்களைவிட இதில் மூச்சு வாங்கும் வேலை கூட என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கட மாமா அட்டைக்கும் சங்குக்கும் போறவர். ஒருக்காக் கால் விறைச்சுப்போய் வந்தவர். இந்தக் கோர்ஸ் அவைக்கு உதவுமோ?

உதவும். பொழுதுபோக்குக்கு இறங்கும் எங்களைவிட, கடலட்டையும் சங்கும் எடுக்க இறங்கும் அவர்களுக்குத்தான் இது கூட உதவும் என்று தோன்றுகிறது. மாமாவுக்கு நடந்தது என்னவென்று சொல்கிறேன். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றில் உள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. பத்து மீற்றருக்கே அழுத்தம் இரண்டு மடங்கு. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். ஒரு நாளில் நான்கு, ஐந்து சிலிண்டர், நடுவில் ஓய்வில்லை, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக் கொம்பியூட்டர் இல்லை, சட்டென்று மேலே வருவது என்றால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உள்ளேயே குமிழி விடும். மூட்டில் விட்டால் வலி, முள்ளந்தண்டில் விட்டால் கால் விறைப்பு, சிலருக்கு நிரந்தரமாகவே நடக்க முடியாமல் போகும்.

இதில் ஒரு பழக்கம் இருக்கிறது, திரும்பவும் சிலிண்டர் கட்டிக் கீழே இறங்கினால் வலி போய்விடும் என்பது. கொஞ்ச நேரம் போகும், உண்மைதான், குமிழி சுருங்கும். ஆனால் கீழே இன்னும் நைதரசன் ஏறும். மேலே வந்ததும் முன்பைவிட மோசம். கால் விறைத்த ஒருவர் தண்ணீருக்குள் மயங்கினால் அவரை யார் எடுப்பது? கோர்ஸ் சொல்வது வேறு. மட்டமாகப் படுக்க வை, 100 வீத ஒக்சிஜன் கொடு (சாதாரணக் காற்றில் அது 21 வீதம்தான்), நினைவு இருந்தால் தண்ணீர் குடிக்கக் கொடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எப்போது மேலே வந்தார் என்று ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடு. காலை மேலே தூக்கித் தலையைத் தாழ்த்துவது பழைய முறை, இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

அழுத்த அறையில் வைத்துச் செய்யும் வைத்தியம்தான் உண்மையான மருந்து. அங்கே அனுப்புவது வைத்தியர்கள் செய்ய வேண்டிய முடிவு, நீங்கள் செய்ய வேண்டியது நேரத்தை வீணாக்காதது. "விடியட்டும், பார்ப்பம்" என்று படுத்துவிடுவதுதான் கால்களைக் கொண்டுபோகிறது. முழுக் கோர்ஸ் செலவு கூடுதலாக இருந்தால், படகுக்கு ஒருவராவது முதலுதவியும் ஒக்சிஜன் கொடுக்கும் பயிற்சியும் எடுத்தால் போதும். மாமாவிடம் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், தெரியும். மாமியிடமும் சொல்லுங்கள்.

கார்ட் எடுத்தா டைவ் சென்ரரில வேலை கிடைக்குமோ?

இதை மட்டும் வைத்துக் கிடைக்காது. ஆனால் வேலைக்கான முதல் படியான டைவ்மாஸ்டர் செய்ய இது கட்டாயம். அதற்கு வயது 18, தொடங்கும்போது 40 டைவ், முடிக்கும்போது 60 டைவ். ரெஸ்கியூ கார்ட்டை வைத்துக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போய்க் காசு வாங்க முடியாது.

காப்பாத்தப் போய் அந்த ஆள் செத்துப்போனா? என்னைப் பிடிப்பினமோ? அதைவிட, நான் எப்படி நித்திரை கொள்ளுவன்?

சட்டக் கேள்விக்குச் சட்டத்தரணியிடம் போக வேண்டும். கோர்ஸில் சொல்லித் தருவது, படித்த அளவுக்குச் செய், படிக்காததைச் செய்யாதே, நினைவுள்ளவரிடம் "உதவட்டுமா" என்று கேட்டுவிட்டுத் தொடு.

இரண்டாவது கேள்விக்கு இனிப்பான பதில் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஆட்கள் இறக்கிறார்கள். சி.பி.ஆர் செய்த எல்லோரும் எழும்புவது சினிமாவில் மட்டும். மூச்சு இல்லாமல் கிடக்கும் ஒருவரை நீங்கள் அதைவிட மோசமாக்க முடியாது என்று எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொன்னார், அதை நான் பிடித்து வைத்திருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் கீழே நின்று பார்த்த அந்த ஆவணி மாதத்து இரவைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். என் நித்திரை கெட்டது அதற்குத்தான்.

கார்ட் எடுத்து மூண்டு வருசம். எல்லாம் மறந்துபோச்சு. திரும்பச் செய்யோணுமோ?

கார்ட் காலாவதியாகாது, கை காலாவதியாகும். சி.பி.ஆரை 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மற்றதற்கு நாங்கள் செய்வது, ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் முதல் ஞாயிறு, நான்கு பேர் சேர்ந்து உப்புவெளிக் கரையில் ஆளை ஆள் இழுத்துப் பழகுகிறோம். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் முதல் வருடம் அம்புலன்ஸுக்கு அழைக்கப் பார்த்தார்கள். இப்போது கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள்.

படகில எல்லாரும் இறங்கேக்க, எனக்கு மட்டும் சரியில்லை எண்டு எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்காதோ?

இது ரெஸ்கியூ கேள்வி இல்லை என்று நினைத்துத்தான் கேட்டார், கேட்டவர். எனக்கு இதுதான் முழு ரெஸ்கியூ கேள்வி. யாரும், எந்த நேரமும், காரணம் சொல்லாமல், "நான் இண்டைக்கு இறங்கேல்லை" என்று சொல்லலாம். சுழியோடிகளுக்கு இடையில் அது எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. ஆனால் நம்மவர்கள் சொல்லமாட்டார்கள். காசு கட்டியாயிற்று, மச்சான்மார் பார்க்கிறார்கள். அதனால் சொல்லாததைப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது. வழக்கமாகக் கத்திக்கொண்டு வருகிறவர் வாயே திறக்கவில்லை. பேசாதவர் ஓயாமல் பேசுகிறார். ஒருவர் மாஸ்கை ஆறாவது தடவை கழுவுகிறார். கோர்ஸுக்கு முன்னர் இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை.

போன ஆனி மாதம் நிலாவெளியிலிருந்து போன படகில் கொழும்பிலிருந்து வந்த ஓர் அண்ணா அப்படித்தான் இருந்தார். பட்டியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "அண்ணா, எனக்கு இண்டைக்குக் காது கொஞ்சம் அடைக்குது, நான் இறங்கேல்லை, துணைக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டேன். என் காது நன்றாகத்தான் இருந்தது. அவர் சிலிண்டரைக் கழற்றிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் நாற்பது நிமிடத்தில் ஆமை பார்த்தோம், சுறாக்குட்டி பார்த்தோம் என்று வந்து ஏறினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் படகோட்டி ஐயாவின் சாப்பாட்டுப் பார்சலில் பாதியை முடித்திருந்தோம்.